ஏறாறு

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

ஏறாறு எங்கே போய் முடிகிறது? ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் உன் வாசகி ஒருத்தி கேட்டிருக்கிறாள் என்றும், அது உனக்குத் தெரியவில்லை என்றும், அக்காவுக்குத்தான் தெரியும் என்றும் எழுதி, கேள்வியை என் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறாய். எனக்கும் தெரியாது. இருபத்துமூன்று வருடமாக ஆறுகளை அளக்கிறேன்; கல்லூரியில் அதையே பாடமாகவும் நடத்துகிறேன். கடலில் பிறந்து மலைக்கு ஏறும் ஆறு எங்கே முடியும் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. அப்படி ஓர் ஆறு தொடங்கவே முடியாது என்பதுதான் காரணம். அந்தப் பெண்ணுக்கு இதை அப்படியே எழுதிவிடு. அவளாவது உருப்படட்டும்.

உன் நாவலின் நான்காம் பாகம் வந்து சேர்ந்தது. எழுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். தபால்காரர் அதை என் கையில் கொடுத்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டார். முழுவதும் படித்தேன். உன் நாற்பதாயிரம் வீரர்களும் பதினெட்டு நாள் பாலைவனத்தில் நடக்கிறார்கள். ஒருவனும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, ஒருவனும் ஒதுங்கப் போகவில்லை. பத்தொன்பதாம் நாள் எல்லோரும் பாட்டுப் பாடுகிறார்கள். டிராகனுக்குத் ‘தீநாகம்’ என்று பெயர் வைத்துவிட்டால் அது டிராகன் இல்லை என்று ஆகிவிடுமா? அது முந்நூறாம் பக்கத்தில் ஒரு நகரத்தை எரித்துச் சாம்பலாக்குகிறது. முந்நூற்றிரண்டாம் பக்கத்தில் அதே நகரத்தில் ஒருத்தி சூடாக ரொட்டி விற்கிறாள். அடுப்புக்கு நெருப்பு அங்கேயே கிடைத்தது போலும்.

எல்லாவற்றையும் தூக்கியடித்தது முன்னுரை. ‘நிரப்புகம்’ என்ற உலகத்தின் பெயர் ‘நிரம்பிய அகம்’ என்னும் தத்துவத்தின் சுருக்கம் என்று ஒரு பேராசிரியர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். யாரும் பேனா எடுத்துச் செல்லக் கூடாத ‘எழுதாவெளி’ என்ற நிலம் மொழியின் எல்லையைக் குறிக்கிறதாம். சின்ன வயதில் நாம் படம் வரைய அப்பா அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த பழைய படிவத்தின் தலையில் ‘நிரப்புக’ என்று அச்சடித்திருந்தது, வலது ஓரத்தில் ‘இவ்விடத்தில் எழுத வேண்டாம்’ என்று இருந்தது, அவ்வளவுதான் என்று அவரிடம் நீ சொல்லவில்லையா? சொல்லியிருக்க மாட்டாய். உனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பதிப்பகத்தார் ஐந்தாம் பாகத்தோடு புது வரைபடம் போடுகிறார்களாம், நான் வரைந்து தர வேண்டுமாம். முடியாது. என் மாணவர்கள் பார்த்தால் எனக்கு மரியாதை இருக்காது.

இங்கே லிஃப்ட் மறுபடியும் படுத்துவிட்டது. மூன்று மாடி ஏறி இறங்குகிறேன். அதுதான் இப்போது என் வாழ்க்கையில் மேல்நோக்கிப் போகிற ஒரே விஷயம்.

போனில் கேட்டிருக்கலாமே என்று நினைக்காதே. போனில் பேசினால் நாலாவது நிமிடம் சண்டை வருகிறது. கடிதத்தில் சண்டைக்கு நடுவே நாலு நாள் இடைவெளியாவது கிடைக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

•

ஜூன் 12

அன்புள்ள அளவுகோல் அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்துச் சிரித்தேன். நான்காம் முறை கொஞ்சம் வலித்தது. ரொட்டிக்காரி விஷயத்தில் நீ சொல்வது சரி. அவள் வேறு ஊரில் இருந்திருக்க வேண்டும். அடுத்த பதிப்பில் அவளை இடம் மாற்றுகிறேன். படை ஒதுங்கப் போகும் காட்சியை மட்டும் என்னால் எழுத முடியாது. நாற்பதாயிரம் பேர், அக்கா.

பேராசிரியரிடம் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். “அது இன்னும் ஆழமா இருக்கே சார்!” என்றார். நான் என்ன செய்ய?

ஆனால் ஆற்றைப் பற்றி நீ எழுதியிருப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஆற்றைப் போட்டது நான் இல்லை, நீ. எனக்கு ஆறு வயது. மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் ஒரு வருடம் கட்டிலோடு கிடந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் படிவத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நீதான் என் பக்கத்தில் உட்கார்ந்து மலை வரைந்தாய், கோட்டை வரைந்தாய், ஆறு வரைந்தாய். நான் செய்ததெல்லாம் ‘டிராகன் வேணும், டிராகன் வேணும்’ என்று கத்தியதுதான். டிராகனுக்கு நான் பொறுப்பு. ஆற்றுக்கு நீ.

இங்கே செய்தி ஒன்றும் பெரிதாக இல்லை. மாடி அறையைக் காலி செய்துவிட்டுக் கீழே, முன்பு பழைய சாமான் போட்டுவைத்திருந்த அறைக்கு வந்துவிட்டேன். மாடிப்படி அலுத்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான். எழுதுகிறவனுக்கு அதுவே நல்லது. ஐந்தாம் பாகத்தில் இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி. அதோடு நிரப்புகம் முடிகிறது.

ஒரு உதவி கேட்க வேண்டும். இந்தக் கடிதத்தில் இல்லை, அடுத்ததில். உன் கோபம் கொஞ்சம் ஆறட்டும்.

உன்,
கட்டில் ராஜா

•

ஜூன் 20

தம்பிக்கு,

நான் அந்த ஆற்றை வரையவில்லை. பதினோரு வயதில் எனக்கு ஆறு எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியும். ஆறாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தாயிற்று. அதில் நான்தான் வகுப்பில் முதல். உன் ஞாபகத்தை நீ உன் நாவல்களைப் போலவே நடத்துகிறாய்: எது அழகாக இருக்கிறதோ அது நடந்ததாக வைத்துக்கொள்வது.

போன வாரம் விடைத்தாள் திருத்தினேன். ‘ஆற்றின் ஓட்டத் திசையைத் தீர்மானிப்பவை எவை?’ என்ற கேள்விக்கு ஒருவன் ஒழுங்காகப் பதில் எழுதிவிட்டு, கடைசியில் அடைப்புக்குறிக்குள் ‘ஏறாறு நீங்கலாக’ என்று எழுதியிருந்தான். அரை மதிப்பெண் குறைத்தேன். மறுநாள் என் அறை வாசலில் வந்து நின்றான்.

“மேடம், நீங்க அவரோட அக்காவா? நெஜமாவா?”

“ஆமா. என்ன செய்யறது.”

“அந்த ஆறு ஏன் மேல போகுதுன்னு உங்ககிட்டயாவது சொல்லியிருக்காரா மேடம்?”

“புவியியல்ல அவன் வாங்கினது முப்பத்தஞ்சு. அதனால போகுது.”

அவன் அதைக் கேட்டுச் சந்தோஷமாகப் போனான். உன் வாசகர்களை அவமானப்படுத்தக்கூட முடியாது. போன டிசம்பரில் உன் கூட்டத்துக்கு வந்தவர்களைப் பார்த்தேனே. வங்கியில் வேலை பார்க்கிற, தொப்பை விழுந்த ஆண்கள் திரைச்சீலையை முதுகில் கட்டிக்கொண்டு, ‘நான் வடகோட்டைக் காவலன்’ என்று ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துகொள்கிறார்கள். வீட்டில் ஒரு குழாய் ஒழுகினால் இவர்களில் எவனாவது எழுந்து அடைப்பானா?

இனி நான் கேட்கிறேன், நீ பதில் சொல்.

உன் கடிதத்தின் முதல் பக்கம் நீல மை. இரண்டாம் பக்கம் கறுப்பு. மூன்றாம் பக்கத்தில் நடுவிலேயே பேனா மாறியிருக்கிறது, வரிகள் வலது பக்கம் சரிகின்றன. ஒன்றரை மணி நேரத்தில் பத்துப் பக்கம் எழுதுகிற நீ மூன்று பக்கத்தை எத்தனை நாளில் எழுதினாய்? மாடிப்படி அலுத்துவிட்டது என்கிறாய். மாடியில் உன் புத்தகங்கள் எல்லாம் இருக்கின்றன. அவற்றைக் கீழே கொண்டுவந்ததாக ஒரு வார்த்தை இல்லை. புத்தகத்தை விட்டுவிட்டு நீ கீழே இறங்கியிருக்கிறாய் என்றால் அலுப்பு காரணமில்லை.

அளப்பதுதான் என் தொழில். என்னிடம் பூசி மெழுகாதே. என்ன சொன்னார் மருத்துவர்?

அக்கா

•

ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

பிடித்துவிட்டாய். உன்னிடம் பேனா மையைக்கூட மறைக்க முடியவில்லை.

அந்தக் காய்ச்சல் அப்போதே இதயத்தின் வால்வு ஒன்றைக் கடித்துவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறது. முப்பத்தேழு வருடம் அது பொறுமையாக இருந்தது. இப்போது படுக்கையிலிருந்து வாசல் கேட் வரை போவதற்குள் நடுவில் ஒருமுறை உட்கார வேண்டியிருக்கிறது. மாடிப்படி கூடாது என்றார் மருத்துவர். “எனக்கு இது ரெண்டாவது தடவை டாக்டர்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. வால்வை மாற்ற வேண்டும். உன் ஊர் மருத்துவமனையில்தான். பதினேழாம் தேதி வந்து சேர வேண்டும், பதினெட்டாம் தேதி காலை அறுவை. அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்னிடம் சொல்லாமல் வந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். சத்தியமாக. மூன்றாம் பாகம் வெளியிட்ட கூட்டத்தில் நீ, அத்தனை பேருக்கு நடுவே, ‘தம்பியின் உலகத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டதற்கு ‘ஆறு தப்பு’ என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினாயே, அன்றிலிருந்து உன்னிடம் எதையும் கேட்க எனக்குக் கூச்சம்.

இப்போது கேட்கிறேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் கடைசி இரண்டு அத்தியாயத்தை நீ முடித்துத் தர வேண்டும். குறிப்பெல்லாம் எழுதிவைத்திருக்கிறேன். வேறு யாராவது முடித்தால் அழகாக முடிப்பார்கள். எனக்கு அது வேண்டாம். இந்த உலகம் நம் இரண்டு பேருடையது. என்னோடு பாதியில் நின்றுபோகிறது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, வால்வை அல்ல.

நீ ஒப்புக்கொள்வதற்காக ஒன்று செய்திருக்கிறேன். ஆற்றைத் திருத்திவிட்டேன். கடைசி அத்தியாயத்தில் ஒரு முதிய படகோட்டி உண்மையைச் சொல்கிறான்: ஏறாறு என்பது ஏறுகிற ஆறு அல்ல, ஏறா ஆறு. ஏறாத ஆறு. இத்தனை காலம் எல்லோரும் பெயரைத் தப்பாகப் பிரித்துப் புரிந்துகொண்டார்கள். ஆறு எல்லா ஆற்றையும் போலக் கீழ்நோக்கித்தான் ஓடுகிறது. உனக்குத் திருப்திதானே?

கூடவே அந்தப் பழைய படிவத்தை அனுப்புகிறேன். நாம் வரைந்த முதல் தாள். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருக்கிறது, பார்த்துப் பிரி. ஆற்றை யார் வரைந்தது என்று நீயே பார்த்துக்கொள்.

தம்பி

•

ஜூலை 6

முட்டாளுக்கு,

முதலில் இலக்கணம். ஏறு என்பதோடு ஆறு சேர்ந்தால் ஏறாறு. ஏறா என்பதோடு ஆறு சேர்ந்தால் நடுவில் வகரம் வரும், ஏறாவாறு. எட்டாம் வகுப்புப் பாடம். நான்கு பாகம், இரண்டாயிரத்து எண்ணூறு பக்கம் எழுதியவனுக்கு இது தெரியவில்லை. உன் முதிய படகோட்டி வாயைத் திறந்தால் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணே அவனைத் தண்ணீரில் தள்ளிவிடுவாள். ஏறாறு என்றால் ஏறுகிற ஆறுதான். வேறு பொருள் அதற்குக் கிடையாது. இத்தனை நாள் புவியியலை மட்டும் கொன்றுகொண்டிருந்தாய். இப்போது மொழிக்கும் ஆள் அனுப்புகிறாய்.

அடுத்து, அந்தப் படிவம். சாப்பாட்டு மேசையில் விரித்து, நாலு மூலையிலும் நாலு டம்ளரை வைத்து, பூதக்கண்ணாடி எடுத்துப் பார்த்தேன். பழைய வெள்ள வரைபடங்களை நான் பார்ப்பது அப்படித்தான்.

கோடு என்னுடையது. ஒப்புக்கொள்கிறேன். எழுத்தும் என்னுடையது. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று அதில் இருக்கிறது. ஆற்றின் நடுவில் அம்புக்குறி இருக்கும் இடத்தில் தாள் தேய்ந்து, கிட்டத்தட்ட ஓட்டை விழும் நிலையில் இருக்கிறது. ரப்பர் வைத்து அழுத்தி அழித்த இடம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பழைய அம்பு தெரிகிறது. அது கீழ்நோக்கித்தான் இருந்தது. நான் முதலில் சரியாகத்தான் போட்டிருக்கிறேன்.

அதைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன்னை மாடிக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மொட்டைமாடியில் நின்றால்தான் ரயில் தெரியும். தினமும் ஐந்தேகால் ரயிலுக்கு நான் மேலே ஓடிவிடுவேன்; நீ கீழே கட்டிலில் கிடந்து சத்தத்தை மட்டும் கேட்பாய். அன்று நான் கோட்டையை மலை உச்சியில் வரைந்துவிட்டு, ‘இதுதான் உன் அரண்மனை’ என்றேன்.

“நான் எப்பிடிக்கா மேல போவேன்? படி ஏறக் கூடாதுல்ல?”

“படகுல போ.”

“ஆறு கீழதானே வரும்?”

நீ அப்போதே என்னைவிடப் புத்திசாலியாக இருந்தாய். பிறகுதான் கெட்டுப்போனாய். நான் ரப்பரை எடுத்தேன்.

“இந்த ஆறு ஏறும்.”

ஆகவே அது தப்பு இல்லை. தப்பு என்றால் தெரியாமல் செய்வது. நான் தெரிந்தே செய்தேன். அதற்கு வேறு பெயர், பொய். அந்தப் பொய்யை நீ வளர்த்து, கூட்டம் சேர்த்து, மேடை போட்டு, அந்த மேடையில் என்னையே ஏற்றினாய். ‘ஆறு தப்பு’ என்று நான் சொன்னது உன்னைப் பார்த்து என்று இரண்டு வருடமாக நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

உன் கடைசி அத்தியாயத்தை நான் எழுத மாட்டேன். எழுதினால் முதல் பத்தியிலேயே டிராகன்கள் நிமோனியாவில் சாகும், இளவரசிக்கு நகராட்சியில் வேலை கிடைக்கும், எழுதாவெளியில் கழிப்பறை கட்டுவார்கள். உன் உலகத்தை நீயே முடி. நடந்து வந்து முடி, ஊர்ந்து வந்து முடி, எனக்குத் தெரியாது. ஆனால் ஆற்றைத் தொடாதே. அதை அழிக்கிற உரிமை ரப்பர் வைத்திருந்தவளுக்குத்தான் உண்டு. அவள் அழிப்பதாக இல்லை.

பதினேழாம் தேதி ரயில் நிலையத்துக்கு வருகிறேன். பெட்டியை நீ தூக்காதே. தூக்கினாய் என்று தெரிந்தால் அங்கேயே சண்டை பிடிப்பேன், நாலு நிமிடம் காத்திருக்க மாட்டேன்.

அக்கா

•

ஜூலை 17, மாலை
மருத்துவமனை வராந்தா

தம்பிக்கு,

நீ உள்ளே ஐந்தாம் எண் கட்டிலில் இருக்கிறாய். நான் பதினைந்து அடி தள்ளி பெஞ்சில் இருக்கிறேன். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். இந்தக் கடிதத்தை நாளை மறுநாள் நீ கண்ணைத் திறந்ததும் தருவேன். திறக்காவிட்டால் என்ன செய்வது என்று முகவரிப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.

இந்தக் கட்டடத்தைக் கட்டியவன் உன் வாசகனாக இருக்க வேண்டும். தரைத்தளத்தில் ரத்தம் எடுத்து, நாலாவது மாடியில் கொடுக்க வேண்டியிருக்கிறது. நர்ஸ் உன்னிடம், “சார், நீங்க கதை எழுதறவராமே, என்ன மாதிரி?” என்று கேட்டதற்கு நீ ஆறேழு நிமிடம் நிரப்புகத்தைப் பற்றிச் சொன்னாய். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “குழந்தைங்களுக்கா சார்?” என்றாள். உன் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்தேன். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நேரில் சொல்ல எனக்கு வராது. எனக்கு உன் புத்தகங்கள் மேல் மதிப்பில்லை. இன்றும் இல்லை. நான்கு பாகத்தையும் இரண்டிரண்டு முறை படித்திருக்கிறேன்; இரண்டாம் முறை படித்தபோதும் மதிப்பு வரவில்லை. ஆனால் அந்தப் படகு மலைக்கு ஏறும் பக்கங்களில் மட்டும் நான் பென்சிலைக் கீழே வைத்துவிடுவேன். இத்தனை நாளும் அங்கே குறிக்கத் தப்பு ஒன்று இருக்கிறதே, ஏன் குறிக்காமல் விடுகிறோம் என்று யோசித்ததில்லை.

காலையில் ஏழு மணிக்கு உன்னை அழைத்துப்போவார்களாம். மேல் மாடிக்கு. லிஃப்டில்தான், கவலைப்படாதே.

அக்கா

ஜூலை 18, மாலை

பின்குறிப்பு. நடந்ததை எழுதிவைக்கிறேன், பிற்பாடு நீ இதையும் காவியமாக்கிவிடக் கூடாது என்பதற்காக.

ஆறே முக்காலுக்கு மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் வந்து, “வாயைத் திறங்க” என்றார். திறந்தாய். அவர் டார்ச்சை உள்ளே காட்டினார், பிறகு அணைத்துவிட்டார். கடைவாய்ப் பல்லில் சீழ். அந்த நஞ்சு புது வால்வுக்கு ஏறிவிடும், பல்லைச் சரி செய்யாமல் நெஞ்சைத் தொட மாட்டோம் என்றார். பல்லைப் பிடுங்கி, பத்து நாள் மாத்திரை சாப்பிட்டுவிட்டு இருபத்தொன்பதாம் தேதி வரச் சொன்னார்கள். நிரப்புகத்தின் சக்கரவர்த்தி மிட்டாய் தின்று அறுவையைத் தள்ளிப்போட்டார் என்று சரித்திரத்தில் எழுதிக்கொள்.

பத்து மணிக்குப் பல்லைப் பிடுங்கினார்கள். ஊருக்குப் போகிறேன் என்றாய். உன்னிடம் கேட்காமல் டாக்சிக்காரரிடம் என் முகவரியைச் சொன்னேன்.

பன்னிரண்டு மணிக்கு வீட்டு வாசலில் இறங்கினோம். லிஃப்ட் கதவைத் திறந்துபோட்டு மெக்கானிக் அதன் குழிக்குள் நின்றுகொண்டிருந்தார். இன்னும் மூன்று மணி நேரம் ஆகும் என்றார். நான் அவரிடம் கத்தினேன். வாட்ச்மேன் ஓடிப்போய்த் தன் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்தார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே ஏறி வந்து, “சார் எத்தன கிலோ?” என்று கேட்டார்.

“அறுபத்தெட்டு” என்றாய், வாயில் பஞ்சோடு.

“லிஃப்ட்டு தாங்கும். நாற்காலி தாங்குமான்னு தெரியல.”

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். நான் பின்னால் பெட்டியோடும் உன் காகிதக் கட்டோடும் ஏறினேன். முதல் மாடித் திருப்பத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நீ நாற்காலியில் இருந்தபடி தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாய்.

“அக்கா. அந்தப் பொண்ணுக்குப் பதில் கெடச்சிடுச்சு.”

“எந்தப் பொண்ணு? வாய மூடு, ரத்தம் வரப்போவுது.”

“ஏறாறு எங்க போய் முடியுதுன்னு.”

“எங்க?”

“மூணாவது மாடி.”

வாட்ச்மேன் ஒன்றும் புரியாமல் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பூட்டில் சாவி இரண்டு தடவை சரியாக நுழையவில்லை.

லிஃப்ட் மூன்று மணிக்குச் சரியாகிவிட்டது.